பேய் வரைபடம்

எங்கள் ஆய்வகத்தில் பேய் என்ற சொல் சாதாரணமாகப் புழங்கும். காலையில் வந்து உட்கார்ந்ததும் "நேத்து எத்தனை பேய்?" என்றுதான் முதல் கேள்வியே வரும். யாரும் பயப்படுவதில்லை.

விஷயம் இதுதான். வண்டியின் முன்பக்க பம்பருக்குள் ஒளிந்திருக்கும் ரேடார் ஓர் அலையை அனுப்புகிறது. அது எதிலாவது பட்டுத் திரும்புகிறது. திரும்ப எடுத்துக்கொண்ட நேரத்திலிருந்து தொலைவு கிடைக்கும். ரயில் நம்மைக் கடந்து போனதும் அதன் ஹாரன் சுருதி இறங்குகிறதல்லவா, அதுபோல அலையின் சுருதி மாறியிருக்கும். அதிலிருந்து வேகம் கிடைக்கும். அழகான ஏற்பாடு. ஆனால் அலைக்குப் புத்தி கிடையாது. அது சாலையோர இரும்புத் தடுப்பில் பட்டு, பிறகு ஒரு லாரியில் பட்டு, மறுபடி தடுப்பில் பட்டுத் திரும்பி வந்தால், தடுப்புக்கு அந்தப் பக்கம் வயலுக்குள் ஒரு லாரி ஓடுகிறது என்று ரேடார் சத்தியம் செய்யும். முடிவெட்டும் கடையில் முன்னும் பின்னும் கண்ணாடி இருந்தால் ஒரே தலை பத்துத் தலையாகத் தெரிகிறதே, அப்படி. வயலுக்குள் ஓடும் அந்த இல்லாத லாரிக்குத்தான் பேய் என்று பெயர்.

நான் பத்தொன்பது வருடமாக இந்தப் பேய்களை ஓட்டிக்கொண்டிருக்கிறேன். 'பொற்கொடி, சூழல் உணர்தல் பிரிவு' என்று என் அடையாள அட்டையில் இருக்கும். என் தங்கை எழிலரசி அதை வேறு மாதிரி அறிமுகப்படுத்துவாள். "எங்க அக்கா பேயோட்டி. வேப்பிலைக்குப் பதிலா லேப்டாப்."

எழில் நர்ஸ். ஒரகடத்தைத் தாண்டி கீழ்ப்பாடி என்று ஒரு பேருந்து நிறுத்தம். நெடுஞ்சாலைக்கு இந்தப் பக்கம் நிறுத்தம். அந்தப் பக்கம் அவள் வேலை பார்க்கும் மருத்துவமனையும், வரிசையாகத் தொழிற்சாலைகளும். நடுவில் ஆறு தடச் சாலை. அதில் ஓடும் பார்சல் வேன்களில், கன்டெய்னர் லாரிகளில், பணியாளர் பேருந்துகளில் பாதிக்கு மேல் இப்போது ஓட்டுநர் கிடையாது. அவற்றில் பெரும்பாலானவற்றின் பம்பருக்குள் இருப்பது எங்கள் ரேடார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எழில் என் வீட்டு அடுக்களையில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். முகம் சரியில்லை.

"அக்கா, உன் வண்டிக்குக் கண்ணு தெரியுதா, தெரியலையா?"

"என் வண்டி இல்லடி. ரேடார் மட்டும்தான் எங்களது."

"அதத்தான் கேக்கறேன். கண்ணு உன்னுதுதான?"

அவளுடைய மருத்துவமனை லேபில் வேலை பார்க்கும் கஸ்தூரி, வெள்ளிக்கிழமை காலை சாலையைக் கடந்திருக்கிறாள். பாதி தாண்டி, நடுத்திட்டிலிருந்து எப்போதும்போல் கையைக் காட்டியபடி இறங்கியிருக்கிறாள். ஒரு பார்சல் வேன் வந்திருக்கிறது. வேகம் குறையவில்லை. பின்னால் குதித்திருக்கிறாள். நடுத்திட்டின் கல்லில் விழுந்து மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்துவிட்டது.

"வேன் நின்னுதா?"

"எங்க நின்னுது? அது பாட்டுக்குப் போவுது. ஒரு ஹாரன்கூட அடிக்கல. ஆளு ஓட்டற லாரின்னா நாலு கெட்ட வார்த்தையாவது வரும். நம்மள மனுஷியா மதிச்சுத் திட்டறான்னு ஒரு நிம்மதி இருக்கும். இது நீ இருக்கறதாவே காட்டிக்காது." இறாலின் தலையைக் கிள்ளிப் போட்டாள். "இப்ப ரெண்டு மூணு மாசமாத்தான் இப்படி. மொதல்ல எல்லாம் கைய காட்டினா ஒழுங்கா நின்னுச்சுங்க. உங்க ஆபீஸ்ல என்னமோ பண்ணியிருக்கீங்க."

பண்ணித்தான் இருந்தார்கள். எனக்குத் தெரியும். அதை அவளுக்கு விளக்க முயன்றேன்.

தலைமையகம் ஐரோப்பாவில் இருக்கிறது. அவர்களுக்கு நீண்ட காலமாக ஒரு தலைவலி: தேவையில்லாத பிரேக். வண்டி எதையோ பார்த்துப் பயந்து பிரேக் அடிக்கும். அங்கே ஒன்றும் இருக்காது. பின்னால் வருபவன் வந்து இடிப்பான். ஆகவே ஒரு விதி எழுதினார்கள். வண்டி ஒரு பொருளைப் பார்க்கிறது, பிரேக் போடுகிறது அல்லது போடப் பார்க்கிறது, பிறகு அந்த இடத்தைக் கடந்து போகிறது. பொருள் வண்டி நிற்கும்வரை அங்கேயே இருந்ததா? இல்லை. பம்பரில் ஏதாவது இடித்ததா? இல்லை. அப்படியானால் அது பேய். எந்த இடத்தில் பேய் அதிகமோ, அந்த இடம் ஒரு வரைபடத்தில் ஏறும். எல்லா வண்டிகளுக்கும் அந்த ஒரே வரைபடம். அங்கே போகும்போது வண்டி சுலபத்தில் நம்பாது.

"கேமரா இருக்குமே?" என்றாள் எழில்.

"இருக்கு. கேமரா ஒண்ணு சொல்லி, ரேடார் ஒண்ணு சொன்னா, வரைபடம் சொல்றதுதான் தீர்ப்பு."

"சரி. அதுக்கும் கஸ்தூரிக்கும் என்ன சம்பந்தம்?"

"அவ குதிச்சுட்டா இல்ல?"

எழில் உரிப்பதை நிறுத்தினாள். அவளுக்கு உடனே புரிந்தது. ஆய்வகத்தில் பலருக்குப் புரிய வைக்க எனக்குப் பிறகு வாரக்கணக்கில் ஆனது.

"குதிச்சதால அவ பேயா?"

"ம்."

"குதிக்கலன்னா?"

நான் ஒரு இறாலை எடுத்து உரிக்கத் தொடங்கினேன்.

நம் ஊரில் சாலையைக் கடப்பது ஒரு பேச்சுவார்த்தை. யாரும் கோடு போட்ட இடத்தில் காத்து நிற்பதில்லை, நின்றால் அன்று முழுக்க நிற்க வேண்டும். ஒரு கையை நீட்டி, உள்ளங்கையைக் காட்டி, 'இரு, இரு' என்று சொல்லிக்கொண்டே இறங்குகிறோம். வருபவனின் முகத்தைப் பார்க்கிறோம். அவன் கொஞ்சம் குறைக்கிறான், நாம் ஓரடி வைக்கிறோம். குறைக்கவில்லையென்றால் ஓரடி பின்வாங்குகிறோம். வெள்ளைக் கோட்டின் மேல் புடவைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்க, முன்னால் ஒரு பேருந்தும் பின்னால் ஒரு லாரியும் போகும். பிறகு பாதி ஓட்டம், பாதி நடை. இந்த விதியை எழுதியவர்கள் ஊரில் மனிதன் ஒன்று கடப்பான், அல்லது நிற்பான். ஓரடி வைத்து ஓரடி எடுப்பவனை அவர்கள் பார்த்ததேயில்லை.

மறுநாள் ஃபர்ஹானாவிடம் கீழ்ப்பாடியின் பதிவுகளைக் கேட்டேன். தரவு பார்ப்பவள் அவள். எதையும் சிரிப்போடுதான் சொல்வாள்.

"மேடம், உங்க தங்கச்சி ஸ்டாப் பயங்கரமான இடம். நம்ம மாநிலத்துலயே பேய் ஜாஸ்தி இருக்கற இடம் இதுதான். ஆனா ஒரு வேடிக்கை பாருங்க." திரையை என் பக்கம் திருப்பினாள். வரைகோட்டில் நாளுக்கு மூன்று மேடுகள். "இந்தப் பேய்ங்களுக்கு ஷிஃப்ட் இருக்கு. காலைல வேலைக்குப் போகுதுங்க, மத்தியானம் மாத்திவிடுதுங்க, ராத்திரி வீட்டுக்கு வருதுங்க. ஞாயித்துக்கிழமை லீவு."

இருவரும் சிரித்தோம். பிறகு அவள் வெள்ளிக்கிழமையைத் திறந்தாள். கஸ்தூரி அங்கே இருந்தாள். வண்டிக்கு நேரே ஒரு புள்ளி. நெருங்க நெருங்கப் பெரிதானது. கை கால் வீச்சால் ரேடாரில் மனித உருவம் எப்போதும் மினுங்கும், அந்தப் புள்ளியும் மினுங்கியது. சட்டென்று விலகியது. கீழே ஒரே வரி: 'பேய், உறுதி.'

ஃபர்ஹானா சிரிக்கவில்லை.

"இதுல இன்னொரு கஷ்டம் இருக்கு மேடம். பேய் அதிகமானா வண்டி லேசுல நிக்காது. வண்டி நிக்கலன்னா ஜனங்க இன்னும் வேகமா குதிப்பாங்க. குதிச்சா..."

"இன்னும் பேய்."

"எந்த இடத்துல ஜனங்க ரொம்ப பயந்து ஓடறாங்களோ, அந்த இடத்துலதான் வண்டி துளிகூட பயப்படாது. தீபாவளிக்கு இதே மேப்தான் எல்லா மாடலுக்கும் போகுது. காருக்கும் சேத்து."

தாமோதரன் சாரிடம் போனேன். எங்கள் பிரிவுத் தலைவர். கோயம்புத்தூர்க்காரர், மென்மையானவர். முகத்தில் அடித்தாற்போல் எதையும் மறுக்கமாட்டார். அதனாலேயே அவரிடம் வாதாடுவது ஈரச் சாக்கைக் குத்துவதுபோல் இருக்கும்.

"நீங்க சொல்றது நியாயமாத்தானுங்க படுது. அந்தம்மாவ வண்டி இடிச்சுதுங்களா?"

"இல்ல சார். கை ஒடஞ்சுது."

"வண்டி இடிச்சு ஒடஞ்சுதுங்களா?"

"வண்டி இடிக்கக் கூடாதுன்னு குதிச்சு ஒடஞ்சுது."

"அப்ப வண்டி தொடலைங்க."

"சார், தொட்டிருந்தா அவ செத்திருப்பா."

"அது சரிங்க. நான் இல்லைங்கல." பேனாவை மூடித் திறந்தார். "ஆனா மேல நான் என்னத்தக் காட்டறது? அந்த ஸ்டாப்புல இன்னிவரைக்கும் ஒரு மோதல், ஒரு கான்டாக்ட் இல்லீங்க. வேற எந்த மேப்பும் இவ்வளவு சுத்தமா இருந்ததில்லைன்னு அவங்க பெருமையா சொல்றாங்க. ஒரே ஒரு கான்டாக்ட் காட்டுங்க, நானே அந்த இடத்த மேப்ல இருந்து எடுக்கச் சொல்றேன். நம்ம எடுக்கச் சொல்லவே வேணாம், விதிப்படி அதுவே எடுத்துரும்."

காணொளிக் கூட்டத்தில் தலைமையகத்தாரிடமும் சொல்லிப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டார்கள். ஒருவர் நடைமேம்பாலம் பற்றிக் கேட்டார். ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்தவள் அங்கே நடந்து போய், ஏறி இறங்கி, திரும்பவும் நடந்து வரமாட்டாள் என்றேன். இன்னொரு அம்மையார் மோதல் எண்ணிக்கையைக் கேட்டார். பூஜ்யம் என்றேன். அவர் மனதாரச் சொன்னார்: "அப்படியானால் உங்கள் பாதசாரிகள் மிகத் திறமையானவர்கள்."

அந்தப் பாராட்டை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

சோதனைப் பொம்மையை நிறுத்தலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் பொம்மைகள் எல்லாவற்றுக்குள்ளும், 'நான் பொம்மை' என்று வண்டிக்குச் சொல்லும் ஒரு சில்லு இருக்கிறது. பொம்மை என்று தெரிந்தால் அந்தப் பதிவு சோதனைக் கணக்கில் போய்விடும், வரைபடத்தைத் தொடாது. ஆக, மீதி இருந்தது ஒரே வழி. யாராவது விலகாமல் நிற்க வேண்டும். வண்டி வந்து, கடைசி நொடியில் அவசர பிரேக் அடித்து, எதிரே ஆள் இன்னும் நின்றுகொண்டிருந்தால் அது மெய். ஈரமில்லாத சாலையில், அந்த வேகத்தில், அவசர பிரேக் எத்தனை மீட்டரில் வண்டியை நிறுத்தும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். கணக்கு என் பக்கம் இருந்தது.

ஒரு சாயங்காலம் கீழ்ப்பாடிக்குப் போனேன். எழில் பணி முடிந்து வந்தாள். வேனுக்கு முன்னால் விலகாமல் நிற்கப்போகிறேன் என்றேன்.

"உனக்குப் பைத்தியமா?"

"கணக்குப் போட்டிருக்கேன். நாலு மீட்டர் மீதி இருக்கும்."

"யாருக்கு மீதி இருக்கும்?"

கையைக் காட்டிக்கொண்டு இறங்கினேன். ஒரு காலி பார்சல் வேன் வந்தது. வெள்ளை நிறம். பம்பரின் எந்த இடத்தில், எந்த உயரத்தில் என் ரேடார் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது என்னைப் பார்க்கிறது, மினுங்குகிறேன், எல்லாம் சரி, இதோ இந்த இடத்தில் பிரேக் விழ வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தபோதே என் கால்கள் என்னைக் கேட்காமல் பின்னால் போய்விட்டன.

வேன் காற்றை முகத்தில் அடித்துவிட்டுப் போனது. இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருந்தால் அது பிரேக் அடித்திருக்குமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எழில் என் தோளைப் பிடித்திருந்தாள். வாய் மட்டும் சும்மா இருக்கவில்லை. "வா வா. நீயும் எங்க கூட்டத்துல சேந்துட்ட. பேயோட்டியே பேயாயிட்டா."

மறுநாள் ஃபர்ஹானா என் பதிவை எடுத்துத் தந்தாள். 'பேய், உறுதி.' கீழ்ப்பாடிப் பேய்களின் எண்ணிக்கையில் நானும் ஒன்றைக் கூட்டியிருந்தேன்.

பிறகு ஆயுத பூஜை வந்தது.

எங்கள் அலுவலகத்திலும் பூஜை உண்டு. சர்வருக்கும் சந்தனம், குங்குமம். கடைசியில் காவலாளி தனபால் வாசல் கேட்டுக்கு வெளியே வெள்ளைப் பூசணிக்காயில் சூடம் வைத்து மூன்று சுற்றுச் சுற்றினார். உடைப்பதற்கு முன் செல்போனில் படம் எடுக்க வேண்டுமென்று யாரோ சொல்ல, காயைப் பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் ஸ்டூலின் மேல் வைத்துவிட்டு நகர்ந்தார். அந்த நேரம் பார்த்து எங்கள் பணியாளர் வண்டி உள்ளே வந்தது. ஓட்டுநர் இல்லாதது. நேராக ஸ்டூலில் இடித்தது. பூசணிக்காய் வெடித்து எல்லார் வேட்டியிலும் சேலையிலும் தெறித்தது.

"வண்டியே ஒடச்சிடுச்சு சார். இந்த வருஷம் அமோகமா இருக்கும்," என்றார் தனபால். கைதட்டினார்கள்.

நான் கேட்டைப் பார்த்தேன். அகலமான இரும்புக் கேட். கண்ணாடி மாதிரி அலையைத் திருப்பும். எங்கள் வாசலும் பேய் வரைபடத்தில் இருந்த இடம்தான். ஃபர்ஹானா மாடிப்படியில் பாதி இறங்கி வந்து கையை ஆட்டினாள்.

"மேடம், கேட்டுல ஒரு கான்டாக்ட் பதிவாகியிருக்கு. மேப்ல இருந்து நம்ம கேட் காணாமப் போச்சு."

தரையில் கிடந்த ஒரு துண்டைக் கையில் எடுத்து அழுத்தினேன். விரலிடுக்கில் தண்ணீர் வழிந்தது. ரேடார் அலைக்குத் தண்ணீர் ஏறக்குறைய ஒரு கண்ணாடி. நம் உடம்பு ரேடாரில் தெரிவதே நமக்குள் இருக்கும் தண்ணீரால்தான். பூசணிக்காயில் தண்ணீரைத் தவிர வேறு ஒன்றுமே இல்லை என்று சொல்லலாம். அதற்குள் சில்லு கிடையாது. அதை எந்தச் சோதனைக் கணக்கிலும் தள்ள முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அதற்குக் கால் கிடையாது. குதிக்காது.

ஆனால் அசையாத பொருளென்றால் ரேடாருக்கு எப்போதுமே இளக்காரம். பாலம், பெயர்ப்பலகை, சாக்கடை மூடி என்று எல்லாவற்றுக்கும் பிரேக் அடித்தால் வண்டி ஓடாது என்பதால் நாங்களே அப்படி வளர்த்திருக்கிறோம். பேய் வரைபடத்தில் உள்ள இடத்தில், அசையாமல் ஒரு பூசணிக்காய் இருந்தால் வண்டி கட்டாயம் இடிக்கும். இடித்தால் அந்த இடம் விடுதலை.

கீழ்ப்பாடி நிறுத்தத்தில் கன்னியப்பன் தள்ளுவண்டியில் காய் விற்பார். பூஜை முடிந்த மறுநாள் அவரிடம் பூசணிக்காய் குவிந்து கிடந்தது.

"மீந்துதான் போச்சு. இவ்ளோ வாங்கி என்னம்மா செய்யப்போறீங்க?"

"பேய் ஓட்டப் போறேங்க."

"எல்லாரும் அதுக்குத்தாம்மா வாங்கறாங்க," என்றார் அவர், இதில் என்ன புதுமை என்பதுபோல.

ஃபர்ஹானா மடிக்கணினியோடு வந்திருந்தாள். "மேடம், நம்ம ரெண்டு பேருக்கும் நாளைக்கு வேலை இருக்காது" என்று சொல்லிக்கொண்டேதான் ஸ்டூலை இறக்கினாள். சரக்கில்லாத வேன்கள் எவை, எப்போது வரும் என்று அவளால் பார்க்க முடியும். ஓரத் தடத்தில், வேறு வண்டி இல்லாத இடைவெளியில் ஸ்டூலையும் பூசணிக்காயையும் வைத்துவிட்டு ஓடி வருவோம். வேன் வரும். வெடிக்கும். கீழ்ப்பாடி வரைபடத்தில் பல கட்டங்களாக இருந்தது, கட்டத்துக்கு ஒரு காய். முந்தின நாள்தான் ஊர் முழுக்கச் சாலையில் பூசணிக்காய் உடைத்திருந்ததால் யாரும் எதுவும் கேட்கவில்லை. பணிமாற்றத்துக்கு வந்த பெண்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். கஸ்தூரி மாவுக்கட்டுப் போட்ட கையோடு வந்து, "ஒண்ணு நான் வெக்கறேங்க" என்று ஒற்றைக் கையால் தூக்கிக்கொண்டு போய் வைத்தாள். அது வெடித்தபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

"போதும் மேடம். போயிடுச்சு," என்றாள் ஃபர்ஹானா.

எழில்தான் முதலில் இறங்கினாள். கையைக் காட்டினாள். தொலைவில் வந்த கன்டெய்னர் லாரி மெதுவாக, கண்ணியமாக வேகத்தைக் குறைத்தது. அவள் நடுச்சாலையில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். எழில் சாலையில் நடந்து போனதை அன்றுதான் பார்த்தேன். அதுவரை அவள் ஓடித்தான் பார்த்திருக்கிறேன்.

யாரோ படம் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். 'பூசணிக்காய் வைத்தால் ஆளில்லா வண்டி அடங்கும்' என்று அது பரவியது. சேலத்தில் ஒரு பள்ளிக்கூட வாசலில், தூத்துக்குடியில் உப்பளச் சாலையில், ஓசூரில் என்று ஊர் ஊராக ஸ்டூல் வைத்தார்கள். தினமும் காலையில் ஃபர்ஹானா வரைபடத்தைத் திறந்து, விடுதலையான இடங்களை எனக்குக் காட்டுவாள். பத்தொன்பது வருடத்தில் நான் வேலைக்கு ஆசையாகப் போன நாட்கள் அவைதான்.

தீபாவளிக்கு முந்தின வாரம் தாமோதரன் சார் என்னைக் கூப்பிட்டார். மேஜையில் ஒரு சின்னக் கண்ணாடிக் கேடயம். அதில் என் பெயர்.

"உட்காருங்க பொற்கொடி. நீங்கதான்னு எனக்கு அப்பவே தெரியுமுங்க. மேலயும் தெரியும். கோபப்படுவாங்கன்னு நெனச்சேன். சந்தோஷப்படறாங்க."

"விதிய மாத்திட்டாங்களா சார்?"

"அதைவிட நல்ல செய்தியுங்க. புதுசா ஒரு பொருளையே சேத்துட்டாங்க." அச்சடித்த தாளை நீட்டினார். "நீங்க கொண்டாந்த கான்டாக்ட் எல்லாத்தையும் ஆராஞ்சு பார்த்திருக்காங்க. ஊர் வேற, வண்டி வேற, நேரம் வேற. ஆனா இடிச்சது அத்தனையும் ஒரே பொருளு. உருண்டை, வழவழப்பு, உள்ள தண்ணி. உங்க சாலைல இவ்வளவு பரவலா ஒரு தடை இருக்கறது எங்களுக்குத் தெரியாமப் போச்சேன்னு மன்னிப்பே கேட்டிருக்காங்க."

தாளைப் பார்த்தேன். பொருள் பட்டியலில் கார், லாரி, மிதிவண்டி, மாடு ஆகியவற்றுக்குக் கீழே புதிதாக 'பூசானி' என்று, எழுத்துப்பிழையோடு இருந்தது. எந்தச் சூழலிலும், எந்த இடத்திலும், வரைபடம் என்ன சொன்னாலும், இதற்கு வண்டி நின்றாக வேண்டும். நம்பகம், பட்டியலிலேயே அதிகம்.

"வரைபடம்?"

"அதத் திரும்பப் போட்டுட்டாங்க. மேப் மேல தப்பில்லையாமுங்க. அது மனுஷங்க விஷயத்துல இன்னிக்கு வரைக்கும் ஒரு தடவகூடத் தவறல. இந்தக் காய்தான் அதுக்குத் தெரியாம இருந்துச்சு. கான்டாக்ட்டெல்லாம் காய்க் கணக்குல போயிருச்சு."

"சார், நான் காயக் காப்பாத்தச் சொல்லல."

"தெரியுதுங்க." அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "ஆனா நீங்க காட்டினது காயத்தானுங்களே."

கேடயத்தை எடுத்துக்கொள்ளாமல் எழுந்து வந்தேன். அவர் அதை ஆளிடம் கொடுத்து என் மேஜைக்கு அனுப்பிவிட்டார்.

இனி என்ன சொல்லி எழிலிடம் போவது என்று தெரியாமல் ஒரு வாரம் போகவில்லை. தொலைபேசியில் மட்டும் சொன்னேன். பழைய வரைபடம் திரும்ப வந்துவிட்டது, பார்த்துப் போ, கையை நம்பாதே. பூசணிக்காய்க்கு மட்டும்தான் இனி வண்டி நிற்கும் என்று, கசப்பில் அதையும் சொன்னேன்.

அவள், "எவ்ளோ பெரிய காய்க்கு?" என்று கேட்டாள்.

போய்ப் பார்த்தபோது அங்கே எல்லாம் ஒழுங்காகிவிட்டிருந்தது. நிறுத்தத்தின் நிழற்கூரைக்குக் கீழே பூசணிக்காய்கள் வரிசையாக இருந்தன. சாலைக்கு அந்தப் பக்கம், மருத்துவமனைச் சுவரோரம் இன்னொரு வரிசை. இந்தப் பக்கம் ஒன்றை எடுத்துக்கொண்டு கடந்து, அந்தப் பக்கம் வைத்துவிட வேண்டும். வேலை முடிந்து திரும்பும்போது அங்கிருந்து ஒன்றை எடுத்துவந்து இங்கே வைக்க வேண்டும். யாரும் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. எந்தப் பக்கத்தில் குறைகிறதென்று கன்னியப்பன் பார்த்துக்கொண்டார். தொழிற்சாலைப் பெண்கள் சீருடையில், குழந்தையைத் தூக்குவதுபோல் ஆளுக்கொன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினார்கள். ஒருத்தி பின்னால் வந்தவளிடம், "உன்னுது சின்னதா இருக்குடி, ரெண்டா எடுத்துக்கோ" என்றாள். ஆறு தடத்திலும் வண்டிகள் நின்றன.

"பையில போட்டாலும் நிக்குதுக்கா," என்றாள் எழில். ஒயர் கூடையைத் தூக்கிக் காட்டினாள். "வெளிய தெரியணும்னு இல்ல."

"ரேடாருக்குப் பை தெரியாது. பிளாஸ்டிக்கு, துணி எல்லாத்தையும் தாண்டிடும்." விளக்கம் சொல்லாமல் இருக்க எனக்குத் தெரியவில்லை. "காய் உருண்டையா, வழவழன்னு இருக்கறதால அசையாத விளக்கு மாதிரி ஒரே சீராத் தெரியும். நாம கை கால வீசி நடக்கறோமில்ல, மினுங்குவோம். அதனால நம்மள அது..."

"சரி சரி. ஒண்ணு எடு. எனக்கு டூட்டிக்கு நேரமாச்சு."

நானும் ஒன்றை எடுத்தேன். கனமாக, குளிர்ச்சியாக இருந்தது. தோலின் மேலிருந்த சாம்பல் பூச்சு கையில் ஒட்டியது. இறங்கினேன். ஒரு வெள்ளை பார்சல் வேன், அன்று வந்ததே அதுபோல் ஒன்று, வெகு தொலைவிலேயே வேகத்தைக் குறைத்து, எனக்கு முன்னால் தாராளமாக இடம் விட்டு நின்றது. என் கால்கள் பின்வாங்கவில்லை. நடுச்சாலையில், அதன் பம்பரைப் பார்த்தபடி ஒரு நிமிடம் நின்றேன்.

மறுநாள் ஃபர்ஹானாவிடம் அந்தப் பதிவைக் கேட்டேன். அவள் திரையைத் திருப்பினாள்.

நடுவில், பிசிறில்லாமல், சீரான ஒளியோடு பூசணிக்காய் இருந்தது. 'மெய், உறுதி.' அதைச் சுற்றி மங்கலாக ஏதோ மினுங்கியது. ஒரு பேய் அதைப் பத்திரமாகத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்துகொண்டிருந்தது.